வாயசைப்பு

உள்ளே இருபத்து நாலு தறி.
காதைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான்
நுழைவோம்.
பள்ளிபாளையத்தில் பாதிப் பேர் இப்படித்தான்,
பேச்சை உதட்டில் வைத்துக்கொண்டு
கண்ணால் கேட்கிறோம்.

அதில் சங்கடங்கள் உண்டு.
அப்பாவும் அம்மாவும் ஒரே வாயசைப்பு.
பாவு தீந்துபோச்சு என்று ஒருநாள் நான் கத்தியதை
மாவு தீந்துபோச்சு என்று படித்துவிட்டு
"செரி, பொறோட்டா வாங்கிக்கலாம்" என்றார்
ஆறாம் தறிக்கு அக்கட்டாலிருந்து
என் வீட்டுக்காரர் அர்த்தநாரி.

சினிமா வசனத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.
முதல் சொல்லுக்கு வாய் குவிந்தாலே போதும்,
மீதி எல்லாருக்கும் தெரியும்.
போன தீபாவளிப் படத்தில், கோர்ட்டுப் படியில் நின்று
கதாநாயகன் சொல்வானே,
"கடன் கேக்க வரல, கணக்குத் தீர்க்க வந்திருக்கேன்",
மொதலாளி முதுகு காட்டி நடக்கும்போதெல்லாம்
இருபது வாய் அதைச் சொல்லும்.
அவர் திரும்புவார்.
இருபது வாயும் வெத்திலை மெல்லும்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது.
கறி தின்றுவிட்டு டிவி முன்னால் காலை நீட்டுவோம்.
கோகிலவாணி பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று
சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிடுவோம்.
எங்களுக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

அன்றைக்குக் கதாநாயகி
குழந்தையைப் பறிகொடுத்து அழுகிற கட்டம்.
எனக்கு மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.
பக்கத்தில் இந்த மனுசன் சிரிக்கிறார்.
"அவ அழுவுல புள்ள. எண்ணறா. வாயைப் பாரு."

பார்த்தேன்.
மடிப்பு மேசையில் பீகார்க்காரப் பையன் பிரமோத்
துணி எண்ணுவானே, அதே வாய்.
சார். பாஞ்ச். சே. சாத்.
வடக்கேயிருந்து வந்த புள்ளைக்குத் தமிழ் எங்கே தெரியும்,
எண்ணிக்கோ தாயி, குரலை அப்புறம் ஒட்டிக்கலாம் என்று
சொல்லியிருப்பார்கள் போல.
ஆட் என்றபோது
கன்னத்தில் கண்ணீர் உருண்டது.
எட்டுக்கு அழுதாள் அவள்.
நான் எதுக்கு அழுதேன்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
அழுகைக்கு எண்ணுவது என்று பேர்.
கேஸ் தீர்ந்து, ரேசன் கடை பூட்டியிருந்து,
நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால்
"எவ்வளவு வரைக்கும் எண்ணியிருக்கறே?" என்பார்.
"நூத்திப் பத்து" என்பேன்.

ஜூன் மாதம்.
திருச்செங்கோட்டில் கோகிலவாணிக்கு நர்சிங் சீட்டு.
வாங்கிய முன்பணமே அறுபதாயிரம் நிற்கிறது.
கண்ணாடி ரூமுக்குள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.
புருவத்தில் பஞ்சு, துடைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.
என் தறியிலிருந்து பார்த்தால் வாய் தெரிகிறது.
கடன் கேக்கத்தான் வந்தேனுங்க.

வசனத்தில் பாதியை மாற்றிவிட்டார்.
மீதிப் பாதியைச் சொல்லவே இல்லை.

மொதலாளி வாய் ரொம்ப நேரம் ஓடியது.
முகத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பேசியதால்
எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.
அர்த்தநாரி தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
பிறகு டிராயரை இழுத்தார், கட்டைப் பிரித்தார்,
கட்டைவிரலில் எச்சில் தொட்டார்.
நெற்றி சுருங்குகிறது.
கீழுதடு நடுங்குகிறது.
ஒண்ணு. ரெண்டு. மூணு.

கண்ணாடிக்குள்ளிருந்து அர்த்தநாரி என்னைத் தேடிப் பிடித்து,
மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, சத்தமில்லாமல்
சொன்னார்:
மொதலாளி அழுவுறாரு புள்ள.

தறிச் சத்தத்தில் எவன் கேட்கப்போகிறான் என்று
வயிறு குலுங்க, வாய்விட்டுச் சிரித்தேன்.
அப்போதுதானா கரண்ட் போக வேண்டும்?

இருபத்து நாலும் ஒரே மூச்சில் நின்றன.
குடோன் முழுக்க என் சிரிப்பு மட்டும்
கொஞ்ச தூரம் தனியாகப் போய்
தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது.
இத்தனை பெரிசா என் குரல்?
பிரமோத் துணியை விட்டுவிட்டுப் பார்க்கிறான்.
பஞ்சு ஒவ்வொன்றாக இறங்குகிறது.

மொதலாளியின் விரல் நின்ற இடம்
அவருக்கே மறந்துபோச்சு.
கட்டை மேசையில் தட்டி நேராக்கினார்.

மறுபடி ஒண்ணிலிருந்து.